தாய்ப்பாலும் தாயின் துணிவும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நீலசந்திராவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், தலைப்பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் துணையாகப் பெற்ற தாய் அருகில் இல்லை. குழந்தை இருமுறை அழுதால், "பால் போதவில்லை போலும்" என்று யாரேனும் சொல்லிவிடுவர். அச்சொல்லே அவள் துணிவைக் குலைக்கும்; மறுநாள் பால்மாவு டப்பா வீட்டிற்குள் வரும்.

உண்மை யாது? முதல் நாட்களில் சுரக்கும் சீம்பால் அளவிற் சிறிது. குழந்தையின் இரைப்பையும் சிறிதே. குழந்தை சப்பச் சப்பப் பால் ஊறும். புட்டி புகுந்தால் சப்புவது குறையும், சுரப்பும் குறையும். அழுகை ஒன்றே பசிக்கு அடையாளமன்று. முதல் வாரம் கழிந்தபின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுமானதே. தாய்க்கு வலி இருப்பின், குழந்தை சரியாகப் பற்றாமையே பெரும்பாலும் காரணம். செவிலியரிடம் காட்டினால் திருத்தித் தருவர். எடை ஏறாவிடின் மருத்துவரை நாடுதல் வேண்டும். தாயைப் பழித்தல் ஆகாது.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தொடங்கி, ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே ஊட்டுக, தண்ணீரும் வேண்டா என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

1992ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பால்மாவு விளம்பரத்தைத் தடுத்தது. 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதலிரு பேறுகளுக்கு விடுப்பை 26 வாரமாக்கியது. அரசு அறையும் விடுப்பும் தரலாம். துணிவை வீட்டாரே தருதல் வேண்டும்.

ஆதலின் கணவன்மார் அடுப்படி வேலையையும் துணி துவைப்பதையும் ஏற்பாராக. மாமியார், "உன்னால் முடியும் அம்மா" என்று ஒரு சொல் சொல்வாராக. அண்டை வீட்டுத் தாய்மார் ஒருநாழிகை உடனிருப்பாராக. ஊர்விட்டு ஊர் வந்த நாம் ஒருவருக்கொருவர் தாய்வீடாவோம்.