80ஜி ரசீதை நாம் கொடுக்கலாமா?

(ஆண்டு விழாவில் கூட்டமைப்பின் கணக்காளர் பேசியது)



2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளம் வடியறதுக்குள்ள, அம்பத்தூர் எஸ்டேட்ல பட்டறை வச்சிருக்கிற ஒருத்தர் நம்ம ஆபீசுக்கு வந்தார். "பத்தாயிரம் தர்றேன், இருபதாயிரத்துக்கு 80ஜி ரசீது போட்டுக் குடுங்க"ன்னு கேட்டார். தலைவி அக்கா முடியாதுன்னுட்டாங்க. அவரும் பணத்தைக் குடுக்காமலே போயிட்டார். நம்மில் பல பேருக்கு அது இன்னும் மனசுல உறுத்துது. அதனாலதான் இன்னைக்கு இந்த விஷயத்தை எடுத்தேன்.

80ஜி என்பது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு. அங்கீகாரம் பெற்ற தொண்டு அமைப்புக்கு நன்கொடை தந்தவர், பெரும்பாலும் அதில் பாதியைத் தன் வருமானத்தில் கழித்துக் காட்டலாம். வரியில இல்ல, வருமானத்துல. பத்தாயிரம் தந்தா ஐயாயிரம் கழியும். 30 சதவீதம் வரி கட்டுறவருக்கு மிச்சம் 1,500 ரூபாய், செஸ் தனி. முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குத் தந்தால் முழுத் தொகையும் கழியும்.

ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல தந்தா கழிவே கிடையாது. செக், ஜிபே மாதிரி வங்கி வழியாத்தான் தரணும். தையல் மெஷின், அரிசி, போர்வையாத் தந்தாலும் கிடையாது. 2023-24 முதல் புதிய வரி முறைதான் தானாகவே வருது. அதில் இருக்கிறவங்களுக்கும் இந்தக் கழிவு இல்லை. ஆவடி ஃபேக்டரியில சம்பளம் வாங்கற உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைங்க.

கூட்டி ரசீது போட்டா என்ன ஆகும்? இப்பல்லாம் நன்கொடை வாங்கின அமைப்பு, தந்தவர் பேர், பான் எண், தொகை எல்லாத்தையும் மே 31க்குள்ள வருமான வரித் துறைக்கு ஆன்லைன்ல அனுப்பணும். தாமதமானா நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். பாஸ்புக்ல பத்து, ரசீதுல இருபதுன்னா, கேள்வி அவருக்கு மட்டும் வராது; கையெழுத்துப் போட்ட நம்ம மூணு பேர் வாசலுக்கும் வரும்.

சரி, பத்தாயிரத்துக்கே சரியான ரசீது தரலாமேன்னு கேப்பீங்க. அதுவும் முடியாது. 1975ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்திருக்கிறோம், உண்மைதான். ஆனா அது வேற, இது வேற. 12ஏ பதிவும் 80ஜி அங்கீகாரமும் வருமான வரித் துறையிடம் தனியா வாங்கணும். ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் எதுவும் இல்லை, ஆடிட்டருக்குத்தான் செலவு. நமக்குள்ள சேமிச்சு, நமக்குள்ள கடன் கொடுத்து வாங்குறதை அவங்க தொண்டுன்னு ஏத்துக்க மாட்டாங்க. வெள்ள நிவாரணம், பிள்ளைங்களுக்கு மாலை வகுப்பு மாதிரி வெளியாருக்கும் செய்யற வேலை வேணும், அதுக்குத் தனிக் கணக்கு வேணும்.

பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்பு நிதிக்கு ஒதுக்கணும்னு 2013 கம்பெனிச் சட்டம் சொல்லுது. அந்தப் பணம் நம்ம மாதிரி சங்கம் வழியா செலவாகணும்னாலும் இந்த ரெண்டு பதிவும், மூணு வருஷம் வேலை செய்த ஆதாரமும் கேட்பாங்க. பூந்தமல்லி ரோட்டுல இத்தனை கம்பெனி இருந்தும் நம்மகிட்ட ஒரு மெஷின்கூட வராததுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதுக்குத் தீர்மானம் போடறோம். வெள்ளத்தப்போ நீங்க சமைச்சுக் கொடுத்த சாப்பாட்டுக் கணக்கு, போட்டோ, வாங்கின பில் எது இருந்தாலும் குழு வாரியா எடுத்துட்டு வந்துடுங்க.