மரம் பார்க்கப் போய் நம்ம ஆற்றைப் பார்த்தோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம கூட்டமைப்பின் முதல் அணி போன மாதம் அமைதிப் பள்ளத்தாக்கு காட்டுக்குக் கண்டுணர் பயணம் போய் வந்தோம். கிளம்புவதற்கு முன்பே சில குழுக்களில் பேச்சு வந்தது. "மாட்டுப் பண்ணையைப் பார்த்தாலாவது தொழில் கத்துக்கலாம். மரத்தைப் பார்க்க ஒரு நாள் கூலியை விடணுமா?" கேட்டது நியாயம்தான். இரண்டாவது அணிக்குப் பணம் ஒதுக்கலாமா வேண்டாமா என்று இன்றைக்குத் தீர்மானம் போடணும். அதனால் பார்த்ததை அப்படியே சொல்லிடறோம்.

கோவையிலிருந்து ஆனைகட்டி தாண்டினால் கேரளாவின் அட்டப்பாடி. அங்கே முக்காலி வரைக்கும்தான் நம்ம வண்டி. அதற்கு மேல் வனத்துறை அனுமதித்த வண்டியில், வழிகாட்டியோடு 23 கிலோமீட்டர் காட்டுக்குள் போய் சைரந்திரியில் இறங்கி நடக்கணும். வழிகாட்டியாக வந்தவர் இருளர் சமூகத்துத் தம்பி. அவர் பேச்சு நமக்கு நல்லாவே புரிந்தது. விராடன் அரண்மனையில் மறைந்திருந்த பாஞ்சாலியின் பெயர்தான் சைரந்திரி. கீழே ஓடுகிற ஆறு குந்திப்புழை. "மாமியாரும் மருமகளும் ஒரே காட்டிலயா!" என்று ஒரு அக்கா கேட்டதும் வண்டியே சிரித்தது.

மரங்கள் நம்ம ஊர் மரம் மாதிரி இல்லைங்க. அடிமரத்தில் பலகை பலகையாக வேர் புடைத்து நிற்கிறது. ஒரு மரத்தை ஏழு பேர் கைகோர்த்தும் முழுசாகச் சுற்றிப் பிடிக்க முடியவில்லை. வயசு எத்தனை என்று கேட்டோம். மழைக்காட்டு மரங்கள் பலவற்றில் வருட வளையம் தெளிவாக விழாது, அதனால் சுலபமாகச் சொல்ல முடியாதாம். வெடிப்பலா என்று ஒரு மரம். கிளையிலேயே பூத்து, உருண்டையாக முள்ளுக்காய் காய்க்கும். சிங்கவால் குரங்குக்கு அதுதான் முக்கியமான சாப்பாடு. மரம் போனால் குரங்கும் போச்சு.

உச்சி வெயிலிலும் உள்ளே சாயங்காலம் போல இருந்தது. மழை நேராகத் தரையில் அடிப்பதில்லை. இலையில் விழுந்து, சொட்டி, கீழே மெத்தை மாதிரி கிடக்கிற சருகில் ஊறி, மெதுவாக மண்ணுக்குள் இறங்குகிறது. மழை நின்ற பிறகும் ஓடையில் தண்ணீர் வருவது இதனால்தான்.

இந்தக் குந்திப்புழையில் 1970களில் மின்சாரத்துக்கு அணை கட்டத் திட்டம் போட்டார்கள். கட்டியிருந்தால் இந்தக் காட்டில் ஒரு பகுதி தண்ணீருக்குள் போயிருக்கும். கரண்டு நமக்கும் வேணும்தான். ஆனால் வாத்தியார்கள், மாணவர்கள், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், கவிஞர் சுகதகுமாரி அம்மா என்று பலர் ஊர் ஊராகப் பேசினார்கள். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

குந்திப்புழை மேற்கே போய்விடும். நம்ம பவானியோ நீலகிரி மேலே பிறந்து, இதே மலைகளின் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு, முக்காலி பக்கம் திரும்பி, அட்டப்பாடி வழியாக மேட்டுப்பாளையத்துக்கும் பவானிசாகருக்கும் வருகிறது. குழாயடியில் குடத்தோடு சண்டை போடுகிற நாம், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்ததில்லை. முதல் அணியில் பாதிப் பேர் கல்யாணம், துக்கம், கோயில் தவிர வேறு எதற்கும் வெளியூர் போகாதவர்கள். இதற்கு ஒரு நாள் கூலி போனது நஷ்டம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

தீர்மானம் நிறைவேறினால், வர விரும்புகிறவர்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். அடையாள அட்டை நகல் வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறும், செருப்பு போதாது. சாக்ஸும் மூடிய ஷூவும் போடுங்கள். மூட்டு வலி இருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் மெதுவாக நடக்கிற அணியில் சேர்த்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு எவர்சில்வர் டப்பா கொண்டு வாங்க, பிளாஸ்டிக் பை வேண்டாம். காட்டுக்குள் சத்தமாகப் பேசக்கூடாது. முதல் அணியில் அது மட்டும்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.