பாங்கிகளின் வகையும் நமது கடமையும்
(இடையஞ்சாவடியில் நிகழ்த்திய பிரசங்கம்)



மழைக்காலம் வந்தால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அப்போது குடும்ப சம்ரட்சணைக்கு வட்டிக்காரனை நாடுவோர் நம்மில் பலர். ஆதலின் பாங்கிகள் இன்னின்னவையென அறிதல் அவசியமாகும்.

1935-ல் ஏற்பட்ட ரிசர்வ் பாங்கியானது நோட்டு வெளியிட்டு, மற்றப் பாங்கிகளைக் கண்காணிப்பது. குடிகளிடம் டிபாசிட் வாங்குவதில்லை. நம்மோடு நேரே கொடுக்கல் வாங்கல் செய்பவை மூவகை. முதலாவது வர்த்தகப் பாங்கிகள். 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்து அநேகர் பொருளிழந்தனர். மறுவருஷமே இந்தியன் பாங்கி தோன்றிற்று. நாடார் சமூகத்தார் 1921-ல் தூத்துக்குடியில் நிறுவிய பாங்கியே இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கி. இரண்டாவது, 1975 முதல் ஏற்பட்ட கிராமிய பாங்கிகள். மூன்றாவது, 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தால் வேரூன்றிய கூட்டுறவு ஸ்தாபனங்கள்.

பாங்கி முறிந்தாலும், 2020 முதல் ஒருவருக்கு ஒரு பாங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. கிராமத்துத் தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் இட்ட டிபாசிட்டுக்கு அக்காப்பு இல்லை. சீட்டுக்காரரிடம் கொடுத்ததற்கும் இல்லை. ஆகவே கடனுக்குச் சங்கத்தையும், சேமிப்புக்குப் பாங்கியையும் நாடுவோமாக. கோடைக் கூலியில் ஒரு பங்கை மாதர் தம் பெயரிலேயே போட்டுவைப்பாராயின், ஐப்பசி மழையில் நம் வீட்டு நகை அடகுக்கடை ஏறாது.