மேசை மாறும், ரோபோ தடுமாறக் கூடாது

(மாணவர் வழிகாட்டி முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)





நம் மஹல்லாப் பிள்ளைகளும் இப்போது ரோபோ போட்டிகளுக்குப் போகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் சிலர், "வீட்டில் பத்துக்குப் பத்து சரியாக ஓடியது, அங்கே போனதும் சுவரில் முட்டி நின்றுவிட்டது" என்று கலங்கித் திரும்புகிறார்கள். மேசை சரியில்லை, நடுவர் சரியில்லை என்று வீட்டில் பேச்சு எழுகிறது. காரணம் பெரும்பாலும் அதுவல்ல.

உலக ரோபோ ஒலிம்பியாடை எடுத்துக்கொள்வோம். 2004-ல் தொடங்கிய போட்டி இது. 2016-ல் இதன் உலக இறுதிச் சுற்று டெல்லிக்கு அருகே நடந்தது. இதன் ரோபோமிஷன் பிரிவில் விரிப்பின் அளவு 2362 மி.மீ. நீளம், 1143 மி.மீ. அகலம். மேசையும் அதே அளவுதான். ஆனால் நீளத்திலும் அகலத்திலும் 5 மி.மீ. வரை கூடலாம், குறையலாம் என்று விதியே சொல்கிறது. சுற்றுச் சுவர் 50 மி.மீ. உயரம், அதைவிட உயரமான சுவரும் இருக்கலாம். ஆக, அளவு வித்தியாசம் யாருடைய தவறும் அல்ல. அதுவும் தேர்வின் ஒரு பாடம்.

5 மி.மீ. என்ன பெரிதா என்று கேட்கலாம். கணக்குப் பாருங்கள். 56 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 176 மி.மீ. போகும். தேய்மானத்தால் விட்டம் அரை மி.மீ. குறைந்தால், 2 மீட்டர் ஓட்டத்தில் ஏறக்குறைய 18 மி.மீ. பின்தங்கும். திரும்பும்போது ஒரே ஒரு டிகிரி பிசகினால், 2 மீட்டர் தள்ளி 35 மி.மீ. விலகிவிடும். இதோடு மேசை வித்தியாசமும் சேர்ந்தால், பொருளைப் பிடிக்க வேண்டிய கை காற்றைத்தான் பிடிக்கும்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலாவது, சக்கரச் சுற்றை மட்டும் நம்பாதீர்கள். வழியில் உள்ள கறுப்புக் கோட்டை சென்சார் கண்டதும், அங்கிருந்து தூரத்தைப் புதிதாக எண்ணச் செய்யுங்கள். அதுவரை சேர்ந்த தூரப் பிசகு அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, ரோபோவை நேராக்கச் சுவரில் மெல்ல முட்டி நிறுத்துங்கள். ஆனால் தூரத்தைச் சுவரிலிருந்து அளக்காதீர்கள். மேசை பெரிதாக இருந்தால் விரிப்புக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழும். திசைக்குச் சுவர், தூரத்துக்குக் கோடு என்று நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, பிடிக்கும் கையின் வாயைப் புனல் போல விரித்து அமையுங்கள். இருபுறமும் 10 மி.மீ. விட்டுக்கொடுத்தால் பொருள் தானே உள்ளே வழுக்கி வரும். சுவருக்கு மேலே கை நீள வேண்டுமானால், உயரமான சுவரிலும் இடிக்காதபடி வையுங்கள்.

நான்காவது, வெளிச்சம். வீட்டில் வெள்ளைக்கு 90, கறுப்புக்கு 10 காட்டிய சென்சார், அரங்கில் 70, 6 என்று காட்டலாம். 50-க்குக் கீழே கறுப்பு என்று எழுதிவைத்திருந்தால், நிழல் விழுந்த வெள்ளையும் கறுப்பாகிவிடும். பயிற்சி நேரத்தில் அங்கேயே இரண்டையும் அளந்து, நடு எண்ணை மாற்றிவிடுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சு அசலான மேசை வாங்க வசதியில்லையே என்று பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ஒட்டுப்பலகையும் பளபளப்பில்லாமல் அச்சிட்ட ஒரு விரிப்பும் போதும். விரிப்பை 5 மி.மீ. நகர்த்தி வைத்து ஓட்டச் சொல்லுங்கள். அடியில் ஒரு காகிதத்தைச் செருகுங்கள். ஜன்னலைச் சாத்தி ஒருமுறை, திறந்து ஒருமுறை ஓட்டட்டும். எல்லா மாற்றத்திலும் பத்துக்கு ஒன்பது முறை வேலை செய்தால்தான் ரோபோ தயார் என்று பொருள்.

போட்டியில் ஓட்டம் இரண்டே நிமிடம். மாதக்கணக்கான உழைப்பு அந்த இரண்டு நிமிடத்தில் வீணாகாமல் இருக்க, இந்த ஏற்பாடுகளை வீட்டிலேயே செய்துவிட்டுப் புறப்படுங்கள்.