கொடை முடிந்தபின் பொறுப்பு எவருடையது?

(படுவான்கரையில் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வாவியின் மேற்குக் கரையில் விளையும் நெல் ஊருக்கெல்லாம் சோறாகிறது. அதை விளைவிப்பவன் கடும் நோயுற்றாலோ, வாவியைக் கடந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையை நாட வேண்டியவனாகிறான். 2014 ஆம் ஆண்டில் ஜப்பானிய உதவியால் மண்முனைப் பாலம் எழுந்தது. நன்றியுடன் ஏற்றோம். பாதை வந்தது; நோயாளியைச் சுமந்துகொண்டு அப்பாதையில் விரையும் அவசியம் நீங்கிற்றா?

பிறநாட்டு நிதி வேண்டாமென்று நாம் கூறவில்லை. அதன் பயனைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றை எதிர்க்க அமைந்த உலக நிதியத்தின் பணத்தால், மருந்தூட்டிய நுளம்புவலைகள் வடக்கு, கிழக்குக் கிராமங்களை அடைந்தன. மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர் வீடு வீடாக மருந்து தெளித்தனர். காய்ச்சலுற்றோரின் இரத்தத்தைச் சோதித்தனர். பணம் வெளியிலிருந்து வந்தது; நடந்த கால்கள் எம்மவருடையவை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இவ்வெற்றியின் வாசலை முன்னரும் ஒருமுறை மிதித்தோம். 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. வென்றோமென்று மருந்து தெளிப்பதைக் கைவிட்டனர், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 1969 ஆகிய ஆண்டுகளிலோ ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நோயில் வீழ்ந்தனர். உன்னிச்சைக் குளம் நிரம்பி வழிந்தாலும், வாய்க்காலைக் காக்க வட்டவிதானை இல்லையெனில் கடைசி வயலுக்கு நீர் எட்டுமா? நிதியின் கதையும் அதுவே.

2018 இல் உலக வங்கி, ஆரம்ப சுகாதாரச் சேவையைப் பலப்படுத்தவென 20 கோடி டொலரை இலங்கைக்கு அங்கீகரித்தது. அது கடன். உழவனும் ஆசிரியனும் வாங்கும் சீனியிலும் பருப்பிலும் வரியாகச் சேர்ந்தே அரசின் கடன் அடைகிறது. ஆகவே நாம் கையேந்தி நிற்பவரல்லர், பங்காளிகள். பங்காளிக்குக் கணக்குக் கேட்கும் உரிமையுண்டு.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. ஓர் இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டமாயின், வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே அதன் விபரங்களைப் பொதுமக்களுக்கு அறிவிப்பது அமைச்சரின் கடமையென 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் விதிக்கிறது. கிழக்கு மாகாண சபை 2017 இல் கலைந்தபின், எமக்காக வினவ உறுப்பினர் எவருமின்றி ஆண்டுகள் பல கழிந்தன. கேட்க வேண்டியவர் நாமே.

எனவே ஒவ்வொரு கிராமச் சங்கமும் எழுத்தில் கேட்கட்டும்: இத்திட்டத்தால் படுவான்கரைக்கு எத்தனை வைத்தியர், தாதியர், மருத்துவமாதர் வருவர்? நிதி முடியும் நாளிலிருந்து அவர்தம் சம்பளத்தை எந்தத் திணைக்களம் ஏற்கும்? விடையும் தமிழில், எழுத்தில் வரட்டும்.

கட்டடத்துக்குத் திறப்பு விழா நடத்துவோர் பலர். அதன் கதவை ஆண்டுதோறும் திறந்து வைத்திருக்கப் போகிறவர் எவரென்பதை, ஒப்பந்தத்தில் மை காயுமுன் அறிந்துகொள்வோம்.