அளந்து சொல்லும் பிள்ளை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



செமிலிங் பக்கத்துத் தோட்டங்களில் பால் மரம் சீவியவர்களுக்குத் தெரியும்: வாளி நிறையப் பால் இருந்தாலும், ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்; மற்றது பெரும்பாலும் தண்ணீர். பால் ஸ்டோரில் அளவு பார்த்தவர் சொன்னதே கணக்கு. நாம் தலையாட்டினோம்.

ஒரு பொருளில் என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு என்று கண்டு சொல்வதே பகுப்பாய்வு வேதியியல்.

வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர் கே.எஸ்.கிருஷ்ணன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை காட்டும் பணியில் இருந்தார். அது போதும் என்று இருந்துவிடவில்லை. கல்கத்தா சென்று சர் சி.வி.இராமனிடம் சேர்ந்தார். இருவரும் சுமார் 60 திரவங்களில் ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். சிதறிய ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வந்தது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறு, கைரேகை மாதிரி! 1928-இல் உலகுக்கு அறிவித்தார்கள். 1930-இல் இராமனுக்கு நோபல் பரிசு. கிருஷ்ணன் பின்னர் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். இன்று மருந்தின் தரம் பார்க்கவும் அந்த ஒளிதான் உதவுகிறது.

பெற்றோர்களே, அறிவியல் கஷ்டம் என்று பிள்ளையை ஒதுக்கிடாதீங்க. பிறர் சொன்ன அளவுக்குத் தலையாட்டியது போதும். இனி நம்ம பிள்ளை அளந்து சொல்லட்டும்.