எறும்புக்குப் பல ராணி
(தென்காசியில் பேசியதன் சுருக்கம்)



எறும்பைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். திண்டுக்கல் ஜில்லா கரந்தமலை அடிவாரத்து விவசாயிகள் சிரிக்கமாட்டார்கள். 2022-ல் அங்கே "பைத்தியக்கார எறும்பு" எனப்படும் மஞ்சளெறும்பு லக்ஷக்கணக்கில் பெருகி, ஆடுமாடுகளின் கண்களை மொய்த்தது. இவ்வெறும்பு கொட்டுவதில்லை, திராவகத்தைப் பீச்சுகிறது.

இது தெய்வக் குற்றமுமல்ல, கலியின் கோலமுமல்ல. காரணங்களில் முக்கியமானது, ஒரே கூட்டத்தில் பல ராணிகள் இருப்பதாகும். புது ராணி தூரப் பறந்து போகாமல், வேலைக்கார எறும்புகளோடு நடந்து போய்ப் பக்கத்திலேயே புற்று வைக்கிறது. ஆகவே அண்டைப் புற்றோடு சண்டையில்லை. மலையெல்லாம் ஒரே குடும்பம். ஒரு ராணியைக் கொன்று என்ன பயன்?

"ராணி" என்றதும் கிரீடத்தை நினைக்காதீர்கள். அது முட்டையிடும் எறும்பு, அவ்வளவுதான். அமெரிக்க நெருப்பெறும்பை ஆராய்ந்த கெல்லரும் ராஸும் 1998-ல் வெளியிட்டதென்ன? பல ராணியுள்ள கூட்டில், குறிப்பிட்ட ஒரு பரம்பரைக்கூறு இல்லாத ராணியை வேலைக்கார எறும்புகளே வாசனையால் அறிந்து கொன்றுவிடுகின்றன என்பதே. ராணியின் அதிகாரம் எங்கே போயிற்று?

"எறும்பிலுங்கூட ஜாதியுண்டே" என்பார் பண்டிதர். பெரும்பாலான எறும்பினங்களில் ராணியாவதும் வேலைக்காரியாவதும் புழுப்பருவத்தில் கிடைக்கும் தீனியைப் பொறுத்தது. தீனியால் வந்த பேதத்தைப் பிறவிப் பேதமென்பது யாருக்கு லாபம்?

நான் சொல்வதாலேயே நம்பவேண்டாம். இரண்டு மஞ்சளெறும்புப் புற்றுகளிலிருந்து சிலவற்றை ஒரு கண்ணாடிக் குப்பியிலிட்டுப் பாருங்கள். கடித்துப் புரண்டால் வேறு கூட்டம். சும்மாயிருந்தால் பெரும்பாலும் ஒரே கூட்டம். ஆனால் பிடித்த இடத்திலேயே பாருங்கள். வீட்டில் வளர்க்கிறேனென்று ஊர்விட்டு ஊர் கொண்டுபோகாதீர்கள். சாரல் காலத்தில் குற்றாலத்தில் செடி வாங்குகிறவர்கள் தொட்டி மண்ணையும் வேரையும் பார்த்து வாங்குங்கள். மண்ணோடு ஒரு ராணியும் சில வேலைக்காரிகளும் வந்தால் போதும். இந்த எறும்பு செதிள்பூச்சி, மாவுப்பூச்சிகளைக் காத்து, அவை கசியும் இனிப்பை உண்பது. நம் எலுமிச்சைக்கும் தென்னைக்கும் அது நல்லதல்ல.

கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு கோடிக்கு மேற்பட்ட சிவப்பு நண்டுகளைக் கொன்றதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே பல வருஷம் விஷம் தூவினார்கள். பிறகு 2016-ல், எறும்புக்கு இனிப்புத் தரும் செதிள்பூச்சியை அழிக்க, மலேயாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். எறும்போடு மல்லுக்கு நின்றது போதாதென்று, அதன் வரும்படியிலேயே கை வைத்தார்கள்.

தோழர்களே! இந்த யோசனை எறும்புக்கு மட்டும்தான் பொருந்துமா என்பதை வீட்டிற்குப் போய் நிதானமாக யோசித்துப் பாருங்கள்.